முகத்துக்கு முகம்: மாடும் ஆடும் நாயும் நம்மைப்போல் இருப்பது ஏன், அதைக் கையால் தொட்டுப் பார்ப்பது எப்படி

கட்டையில் கட்டி நிற்கிற பசுவை நேரே நின்று பார்த்தால் மேலே இரண்டு கண், நடுவில் இரண்டு மூக்குத் துவாரம், கீழே வாய், பக்கத்துக்கு ஒரு காது. ஆட்டுக்கும் நாய்க்கும் மந்திக்கும் இதே ஒழுங்குதான். இரணைமடுக் குளத்தில் பிடித்த திலாப்பியாவைக் கையில் எடுத்தாலும், வெளிக்காதைத் தவிர மற்றவை அதே இடங்களில் இருக்கும்.

இந்த ஒற்றுமை இரண்டு வழியால் வருகிறது. ஒன்று உண்மையாகவே உடம்பில் இருப்பது: ஒரே எலும்புகள், ஒரே தசைகள், ஒரே நரம்புகள், கருவில் ஒரே விதமாக முகம் உருவாகும் முறை. மற்றது பார்க்கிற மூளை செய்வது. நம் மூளை முகம் தேடும் மூளை; இல்லாத இடத்திலும் முகத்தைக் கண்டுபிடித்துவிடும். “இந்த ஆடு அப்படியே எங்கட பெரியப்பா மாதிரி” என்று ஒருவர் சொல்லும்போது இரண்டும் கலந்துதான் வருகிறது. கலந்ததைப் பிரித்துப் பார்க்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறோம். பாடசாலை விஞ்ஞானக் கழகங்களுக்கும், மாடு ஆடு வளர்க்கிற வீடுகளுக்கும், முகம் வரையப் பழகுகிறவர்களுக்கும் இது உதவும். வன்னியில் இதற்கு வேண்டிய விலங்குகளைத் தேடிப் போகத் தேவையில்லை, வளவிலேயே நிற்கின்றன.

வேண்டிய சாமான்கள்

தையல் அளவுநாடா ஒன்று, இரண்டு மீற்றர் பருத்தி நூல், சதுரறூள் கொப்பி, பென்சில், படம் எடுக்கக்கூடிய போன், ஒளி ஊடுபோகும் பிளாஸ்டிக் தாள் சில, அதில் எழுதும் மார்க்கர். மண்டையோடு சுத்தம் செய்வதென்றால் அதற்கான சாமான்களைப் பிறகு சொல்கிறோம். விலங்குகளில் பழகிய பசு ஒன்று, கன்று ஒன்று, ஆடு ஒன்று, வீட்டு நாய் ஒன்று போதும். தெருநாயைத் தொட வேண்டாம். வீட்டு நாயும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டதாக இருக்க வேண்டும். குரங்கைத் தூரத்திலிருந்து பார்ப்பது மட்டுமே.

உங்கள் முகத்திலிருந்து தொடங்குங்கள்

சுட்டுவிரலைக் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலின் கீழ் ஒரு குமிழ் முன்னுக்கு வந்து பின்னுக்குப் போகும். அதுதான் தாடை மூட்டு. இப்போது விரலை அங்கேயே வைத்துக்கொண்டு தாடையை இடமும் வலமும் அசையுங்கள், அதுவும் முடியும். அடுத்து நான்கு விரலையும் கன்னத்தின் பின்பக்கம் வைத்துப் பல்லைக் கடியுங்கள், ஒரு தசை புடைக்கும். நெற்றிப்பொட்டில் வைத்துக் கடியுங்கள், அங்கும் ஒன்று புடைக்கும். மெல்லுவதற்கான பெரிய தசைகள் இந்த இரண்டும்தான்.

இதே இடங்களை மாட்டிலும் நாயிலும் தேடுங்கள். பசுவை அணுகும்போது நேர் முன்னாலிருந்தோ நேர் பின்னாலிருந்தோ போகாதீர்கள். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அது ஏறத்தாழ 330 பாகை வரை பார்க்கும். நேர் பின்பக்கமும் மூக்குக்கு முன்னால் ஒரு சிறு இடமும்தான் அதற்குத் தெரியாது. தோள்பக்கமாகப் போய், கழுத்தைத் தடவி, பிறகு கன்னத்துக்குக் கையைக் கொண்டுவாருங்கள். அசைபோடும் நேரம் மிகவும் நல்லது. கீழ்த்தாடை ஒரு பக்கமாக வட்டமடித்துப் போவதைக் கையில் உணரலாம். கன்னத்துத் தசை பலகைபோல் அகன்றிருக்கும், நெற்றிப்பொட்டுத் தசை சிறியது. நாயில் இதற்கு நேர்மாறு: நெற்றிப்பொட்டுத் தசை தலை உச்சி வரை ஏறியிருக்கும், தாடை மேலும் கீழும் மட்டும் அசையும். புல்லை அரைப்பவருக்குப் பக்கவாட்டு அசைவு வேண்டும், இறைச்சியைக் கவ்விக் கிழிப்பவருக்கு இறுக்கிப் பிடிக்கும் பலம் வேண்டும். நம் தாடை இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். தசைகள் அதே தசைகள், பருமன்தான் வேறு.

இங்கே பலர் ஒரு பிழை விடுகிறார்கள். பசுவின் நீண்ட மூஞ்சியின் நுனியை “மூக்கு” என்று எடுத்துக்கொண்டு, கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில் உள்ள நீளம் முழுவதும் நமக்கு இல்லாத ஏதோ ஒரு பகுதி என்று நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அந்த நீளம் மூக்கு எலும்பும் மேற்றாடை எலும்பும்தான். நம் மூக்கின் மேற்பாதியில், கண்ணாடி குந்துகிற இடத்தில், கையால் தட்டினால் கெட்டியாகத் தெரிவது அதே மூக்கு எலும்பு.

பல்லை எண்ணுங்கள்

ஒற்றுமையைக் கணக்காகக் காட்டுவது பல்தான். ஒரு பக்கத்து மேல்வரிசையில் முன்னாலிருந்து பின்னுக்கு வெட்டும் பல், வேட்டைப் பல், முன்கடைவாய்ப் பல், பின்கடைவாய்ப் பல் என்று எண்ணி எழுதுங்கள், பிறகு கீழ்வரிசை.

வளர்ந்த மனிதரில் மேலும் கீழும் 2, 1, 2, 3; மொத்தம் 32. மரத்தில் குதிக்கிற செம்முகக் குரங்குக்கும், முகம் கறுத்து வால் நீண்ட மந்திக்கும் அதே 2, 1, 2, 3, அதே 32. மாட்டுக்கும் ஆட்டுக்கும்கூட மொத்தம் 32 வரும், ஆனால் இது எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போவது. மேலே முன்வரிசையில் ஒரு பல்லும் கிடையாது, தடித்த பல்முரசுதான். மேல் 0, 0, 3, 3; கீழ் 3, 1, 3, 3. கீழே முன்னால் தெரியும் எட்டில் ஓரத்தில் இருக்கும் இரண்டும் வெட்டும் பல்லின் உருவத்தில் நிற்கும் வேட்டைப் பற்கள். “ரெண்டு பல்லு, நாலு பல்லு” என்று ஆட்டின் வயதைச் சொல்வது இந்த எட்டை வைத்துத்தான். நாய்க்கு மேல் 3, 1, 4, 2, கீழ் 3, 1, 4, 3, மொத்தம் 42.

மொத்தத்தை மட்டும் எழுதிவிட்டு “மாட்டுக்கும் நமக்கும் ஒரே பல்” என்று முடிக்கிற பிள்ளைகள் உண்டு. எப்போதும் நான்கு எண்ணாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் குரங்கு ஏன் நமக்கு இவ்வளவு கிட்ட என்பதும் மாடு ஏன் தள்ளி நிற்கிறது என்பதும் ஒரே பார்வையில் விளங்கும். மாட்டின் வாயைத் திறப்பதைப் பழகியவரிடம் விடுங்கள். விரல் முன்வரிசையோடு நிற்கட்டும். கடைவாய்க்குள் போன விரல் நசுங்கிவிடும்.

மேல் முன்பல் இல்லாவிட்டாலும் அதைத் தாங்குகிற எலும்பு மாட்டில் இருக்கிறது. நம்மில் அந்த எலும்பு தனியாகத் தெரியாமல் மேற்றாடையோடு ஒட்டிவிடும். மனிதருக்கு அது இல்லை, அதனால் மனிதர் வேறு பிறவி என்று ஒரு காலத்தில் ஐரோப்பிய உடற்கூற்று அறிஞர்கள் பலர் சொன்னார்கள். ஜேர்மன் கவிஞர் கோதே 1784இல் மனித மண்டையோட்டில் அதன் தழும்பைக் காட்டினார்.

நூல் பிடித்து அளத்தல்

இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, கண்ணின் வெளிமூலையிலிருந்து காதுத் துவாரம் வரை: இது மூளைப் பெட்டியின் பக்கம். மற்றது, கண்ணின் உள்மூலையிலிருந்து அதே பக்க மூக்குத் துவாரத்தின் மேல்விளிம்பு வரை: இது மூஞ்சியின் பக்கம். இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். வளர்ந்த மனிதரில் விடை 1க்குக் கீழே நிற்கும். பசுவில் 1ஐ நன்றாகத் தாண்டும். கன்றில் தாயைவிடக் குறைவாக இருக்கும்.

அந்தக் கடைசி விடையைக் கவனியுங்கள். பிறந்த குட்டியில் மூளைப் பெட்டியும் கண்ணும் முன்னமே பெருத்திருக்கும், மூஞ்சி பிறகுதான் நீளும். அதனால் எந்தக் குட்டியும் அதன் தாயைவிட மனிதக் குழந்தைக்குக் கிட்டவாகத் தெரியும். பெரிய நெற்றி, பெரிய கண், சிறிய மூக்கு, உருண்ட கன்னம் சேர்ந்தால் நமக்குத் தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றும் என்று ஒஸ்ரிய விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ் 1943இல் எழுதினார். ஆட்டுக்குட்டியை யாரும் “பிள்ளை” என்று கூப்பிடுவதன் அடியில் இந்த அளவு இருக்கிறது.

அளக்கும்போது நாடாவின் உலோக நுனி மினுங்கினால் மாடு தலையை எறியும். நூலைப் பிடித்து அளந்து, பிறகு நூலை நாடாவில் வையுங்கள். காது ஆடுவதால் காதின் ஓரத்தை எடுக்காமல் அடியை எடுங்கள். ஒரே அளவை மூன்று தரம் எடுத்து நடு எண்ணை எழுதுங்கள். மூச்சு வாங்கும்போது மூக்குத் துவாரம் விரியும், ஆகவே ஓடிக் களைத்த மாட்டை அளக்க வேண்டாம்.

ஏன் இப்படி: கருவில் நடப்பது

மனித முகம் கருவின் 4ஆம் வாரத்துக்கும் 8ஆம் வாரத்துக்கும் இடையில் உருவாகிறது. வாய் வரப்போகும் குழியைச் சுற்றி ஐந்து மேடுகள் எழும்: மேலே நெற்றியும் மூக்கும் ஆகப்போகும் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மேற்றாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. மூளையாக மடியும் குழாயின் விளிம்பிலிருந்து புறப்படும் கலங்கள் இந்த மேடுகளுக்குள் வந்து நிரம்பி எலும்பாகவும் கசியிழையமாகவும் (குருத்தெலும்பாகவும்) மாறும். மேடுகள் வளர்ந்து, நெருங்கி, ஒட்டும். ஆட்டிலும் நாயிலும் கோழியிலும் இதே மேடுகள், இதே வழி. எது எவ்வளவு காலம் வளர்கிறது என்பதில்தான் மூஞ்சியும் அலகும் முகமும் பிரிகின்றன.

இந்தத் திட்டம் மிகப் பழையது. சீனாவின் யுனான் மாகாணத்தில் கிடைத்து 2013இல் விவரிக்கப்பட்ட ஒரு மீன் புதைபடிவம் 419 மில்லியன் ஆண்டுப் பழமையானது. அதன் தாடையில் நம் மேற்றாடை, கீழ்த்தாடை எலும்புகளுக்கு ஒத்த எலும்புகள் இருக்கின்றன. காதுக்கு முன்னால் விரல் வைத்த இடத்தை மறுபடி நினையுங்கள்: ஊர்வனவற்றில் தாடை மூட்டாக இருக்கும் இரண்டு எலும்புகள் நம்மில் சுருங்கி நடுக்காதுக்குள் போய் ஒலியைக் கடத்துகின்றன. கருவை ஆராய்ந்து இதை 1837இல் காட்டியவர் ஜேர்மன் உடற்கூற்று அறிஞர் ரைஹேர்ட்.

ஒட்டிய இடத்தின் தடம் உங்கள் முகத்திலேயே இருக்கிறது. மூக்குக்கும் மேற்சொண்டுக்கும் நடுவில் ஓடுகிற சிறு பள்ளத்தைத் தொடுங்கள். ஆட்டில் அது ஆழமான வெட்டாக மேற்சொண்டை இரண்டாகப் பிரிக்கும்; அதனால்தான் ஆடு சொண்டின் இரு பாதியையும் தனித்தனியே அசைத்து முள்ளுக்கு நடுவில் ஒரு இலையைப் பொறுக்கும். மாட்டில் பள்ளம் இல்லை, அகன்ற ஈரத் தகடுதான். அந்தத் தகட்டின் வரிகள் மாட்டுக்கு மாடு வேறு, கைரேகை போலவே. மாட்டை அடையாளம் காண அதை மை பூசி எடுக்கும் முறை 1920கள் முதல் உண்டு.

மேடுகள் ஒட்டாமல் நின்றால் சொண்டுப் பிளவு. மனிதக் குழந்தைக்கும் வரும், கன்றுக்கும் நாய்க்குட்டிக்கும் வரும். கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் என்றும், கத்தி பிடித்ததால் என்றும் பழி போடுவது தவறு. மேற்சொண்டு ஒட்டுவது ஏறக்குறைய 7ஆம் வாரத்துக்குள், பல தாய்மாருக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே சரியாகத் தெரியாத காலம். சத்திரசிகிச்சையால் சீராக்கலாம், சொண்டுக்கு வழக்கமாகக் குழந்தையின் முதல் ஆண்டுக்குள்ளேயே செய்கிறார்கள். தாயை யாரும் குற்றம் சொல்லாமல் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

முகம் உருவாவதைக் கண்ணால் காண ஒரு எளிய வழி உண்டு. அடைவைத்த நாட்டுக்கோழி முட்டையை 5ஆம் நாள் இரவு இருட்டு அறையில் ரோச் வெளிச்சத்தின் மேல், பருத்த பக்கம் கீழாக இருக்கப் பிடியுங்கள். சிவப்பு இரத்தநாள வலைக்கு நடுவில் ஒரு கரும்புள்ளி தெரியும். அது கண். உடம்பின் மற்றப் பாகங்களைவிடக் கண் எவ்வளவு பெரிதாகத் தொடங்குகிறது என்று அப்போது விளங்கும். பத்து நிமிடத்துக்குள் முட்டையைத் திருப்பி வைத்துவிடுங்கள். குலுக்காதீர்கள், வெளிச்சம் சூடாகும் பழைய குமிழ் ரோச்சை ஓட்டோடு ஒட்டிப் பிடிக்காதீர்கள்.

படமும் கட்டமும்

முகங்களை ஒப்பிடும் படங்கள் பெரும்பாலும் ஏமாற்றுவது தூரத்தால். போனை ஒரு முழத்துக்குள் கொண்டுபோய் எடுத்தால் மூக்கு ஊதும், காது பின்னால் ஒளியும். மனிதரும் மிருகம்போலத் தெரிவார். இரண்டு மீற்றர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கி, விலங்கின் கண் உயரத்துக்குப் போனை இறக்கி எடுங்கள். நேர்முகம் ஒன்று, பக்கமுகம் ஒன்று. காலை எட்டு மணிக்கு முன்னரும் பின்னேரம் நாலரைக்குப் பின்னரும் கிடைக்கும் சாய்ந்த வெயில் நல்லது. உச்சி வெயிலில் கண்குழி கறுத்துப் பொய் உருவம் காட்டும்.

மனிதப் பக்கமுகப் படத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து ஒரு சென்ரிமீற்றர்க் கட்டம் போடுங்கள். எட்டுப் புள்ளிகள் குறியுங்கள்: கண்ணின் நடு, கண்ணுக்குக் கிட்ட மூக்குத் தொடங்கும் இடம், மூக்கு நுனி, மேற்சொண்டு, வாய்மூலை, நாடி, தாடையின் பின்மூலை, காதுத் துவாரம். அதே எட்டையும் நாயின் படத்தில் குறித்து, இப்போது மனிதக் கட்டத்தின் கோடுகள் நாய்ப் படத்தில் எந்தெந்த வழியாகப் போனால் அதே புள்ளிகளைத் தொடும் என்று வளைத்து வரையுங்கள். நேர்க்கோடுகள் வளையும், முன்பக்கக் கட்டங்கள் நீளும், ஆனால் ஒரு கோடும் அறாது, ஒன்றை ஒன்று வெட்டாது. இழுபட்ட ரப்பர்த் துணியில் வரைந்த முகம்போலத்தான் இருக்கும். இந்த முறையை 1917இல் ஸ்கொட்லாந்தின் உயிரியல் அறிஞர் தார்சி தொம்சன் மனித, குரங்கு, நாய் மண்டையோடுகளில் செய்து காட்டினார்.

நாடிப் புள்ளியில் பிள்ளைகள் தடுமாறுவார்கள், தடுமாற வேண்டிய இடமும் அதுதான். முன்னே துருத்தி நிற்கும் நாடி மனிதருக்கு உரியது. நாயிலும் குரங்கிலும் தாடை பின்னுக்குச் சரிந்துவிடும். கீழ்த்தாடையின் முன்விளிம்பை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மண்டையோடு

ஆட்டுத் தலை போதும். இறைச்சிக் கடையில் முன்கூட்டியே சொல்லி, மூளை எடுக்கப் பிளக்காத தலையாக வாங்குங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட ஆடானால் எலும்புகளின் பொருத்துகள் இன்னும் இறுகாமல் தனித்தனியாகக் கழன்று வரும். அதைக் குறையென்று நினைக்க வேண்டாம், எலும்புகளை ஒவ்வொன்றாகக் காட்ட அதுதான் நல்லது. நோயால் செத்த விலங்கின் தலையை எடுக்கவே கூடாது.

தோல், கண், நாக்கு, கன்னத்து இறைச்சி எல்லாவற்றையும் கையுறை போட்டு வெட்டி எடுங்கள். பின்பக்கத் துவாரத்தால் வளைந்த கம்பி விட்டு, தண்ணீர் ஊற்றி மூளையைக் கழுவி எடுங்கள். 20 லீற்றர் வாளியில் தலை முழுதாகத் தாழும்படி தண்ணீர் விட்டு, வீட்டிலிருந்து 30 மீற்றராவது தள்ளி நிழலில் வையுங்கள். வாளியின் வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டி, மேலே பலகையும் கல்லும் வையுங்கள்: வலை டெங்கு நுளம்புக்கு, கல் நாய்க்கும் கீரிக்கும். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். முழுவதையும் மாற்றினால் இறைச்சியைத் தின்னும் நுண்ணுயிர்கள் போய் வேலை மந்தமாகும். வன்னிச் சூட்டில் மூன்று நான்கு வாரத்தில் எலும்பு விடும். ஊற்றும் தண்ணீரை வலையால் வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் முன்பற்கள் அதோடு போய்விடும்.

அவசரத்தில் கொதிக்க வைப்பவர்கள் எலும்பைக் கெடுக்கிறார்கள். கொழுப்பு உருகி எலும்புக்குள் இறங்கி மஞ்சளாகும், பல் வெடிக்கும், மூக்கு எலும்பு கழரும். பிளீச் இன்னும் மோசம், சில மாதத்தில் எலும்பு சுண்ணாம்பாக உதிரும். சுத்தமான எலும்பை 5 லீற்றர் தண்ணீரில் 50 மில்லிலீற்றர் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மூன்று நாளுக்கொருமுறை மாற்றி, இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டால் கொழுப்புப் போகும். பிறகு பாமசியில் கிடைக்கும் 3 வீத ஐதரசன் பேரொக்சைட்டில் ஒரு நாள். நிழலில் காயவையுங்கள்.

இப்போது கண்குழிக்கு முன்னால் கீழே, முன்கடைவாய்ப் பல்லுக்கு மேலே ஒரு சிறு ஓட்டை தேடுங்கள். தென்னீர்க்கு ஒன்றை அதற்குள் மெல்ல விட்டால் கண்குழியின் பக்கமாக வெளிவரும். முகத்தின் தொடுவுணர்ச்சி நரம்பு போகும் வழி அது. உங்கள் கண்ணின் கீழ் எலும்பு விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் கீழே விரலால் அழுத்துங்கள், மந்தமான ஒரு நோவு தெரியும். அதே ஓட்டை, அதே நரம்பு. கீழ்த்தாடையின் முன்பக்கத்திலும் இன்னொன்று உண்டு, ஆட்டிலும் நம்மிலும்.

கண்குழியின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஆட்டில் ஒரு எலும்பு வளையம் கண்ணைச் சுற்றி முழுதாக மூடும், அதன் பின்னால் திறந்திருக்கும். நாயில் வளையம் முழுமை பெறாது, நார்தான் மீதியைக் கட்டும். தேவாங்கில் ஆட்டைப்போல வளையம் மட்டும். குரங்கிலும் நம்மிலும் வளையத்துக்குப் பின்னால் எலும்புச் சுவரே இருக்கும். குரங்கு நம்மை நேருக்கு நேர் பார்ப்பதுபோலத் தெரிவது முன்னோக்கிய கண்ணால். அந்தச் சுவர் அதன் கூடவே வந்தது.

காட்டு ஓரத்தில் கிடக்கும் எலும்பு தேடப் போகாதீர்கள். மிதிவெடிப் பலகை இருந்த பக்கங்களிலும், நடமாட்டம் இல்லாத பற்றைகளிலும் பாதையை விட்டு இறங்க வேண்டாம். காட்டு விலங்கின் மண்டையோடுகளை எடுத்து வைத்திருப்பது வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிவிடும்.

இன்னுமொன்று, இதை மெதுவாகப் படியுங்கள். எங்கள் மண்ணில் கிண்டும்போது மனித எலும்பு வரலாம். கொக்குத்தொடுவாயில் 2023இல் குடிநீர்க் குழாய் பதிக்கக் கிண்டிய இடத்தில் அப்படித்தான் வந்தது. மூளைப் பெட்டி உருண்டையாகப் பெருத்து, முகம் அதன் முன்னால் நீளாமல் கீழே அமைந்து, இரண்டு கண்குழியும் முன்னோக்கி, தாடையில் நாடி இருந்தால் அது மனிதருடையது. உடைந்த துண்டு என்றால் நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். மண்வெட்டியை நிறுத்துங்கள், தொடாதீர்கள், கழுவாதீர்கள், துணியோ பொருளோ கூட இருந்தால் அசைக்காதீர்கள், முகநூலில் போடாதீர்கள். இடத்தைக் கயிறு கட்டி அடையாளமிட்டு, கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள். அகழ்வு நீதிமன்ற உத்தரவோடுதான் நடக்க வேண்டும். ஒரு எலும்பு கிடந்த விதத்திலேயே அது யாருடையது, என்ன நடந்தது என்பதற்கான சாட்சி இருக்கும். காத்திருக்கும் குடும்பம் ஒன்றும் இருக்கலாம்.

மூளை செய்யும் பாதியைப் பிரித்தல்

பிறந்த குழந்தையே முகம்போன்ற உருவத்தின் பக்கம் கண்ணைத் திருப்பும். முகங்களைப் பார்க்கும்போது விசேடமாக இயங்கும் ஒரு பகுதி மூளையின் அடிப்பக்கத்தில் உண்டு. இரண்டு புள்ளியும் கீழே ஒரு கோடும் இருந்தால் தேங்காய்க் கண்ணும் முகமாகிவிடும். ஒரு விலங்கு ஒருவரை ஒத்திருக்கிறது என்று தோன்றினால் அந்தப் படங்களைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முகத்தை முழுதாக வாசிக்கும் திறன் தலைகீழில் வெகுவாகக் குறைந்துவிடும். ஒற்றுமை உடனே காணாமல் போனால் அது பெரும்பாலும் பார்வையின் வேலை. எட்டுப் புள்ளிகளின் ஒழுங்கோ திருப்பினாலும் மாறாது. இரண்டாவது சோதனை: கண்ணை மட்டும் தாளால் மறையுங்கள், ஒற்றுமை போய்விட்டால் அதைக் காட்டியது கண்தான். நாட்காட்டிப் படங்களில் வரும் நந்தியும் அனுமாரும் நம்மைப்போல் தெரிவதற்குப் பெரிய காரணம் ஓவியர் கொடுத்த வெள்ளை விழி, புருவம், நாடி மூன்றும்தான். உண்மையான மாட்டின் கண்ணில் அமைதியாக நிற்கும்போது வெள்ளை அதிகம் தெரியாது.

முகத்தை வைத்துக் குணம் சொல்வதை இதோடு சேர்க்காதீர்கள். ஆட்டு முகம் உடையவர் கோழை, சிங்க முகம் உடையவர் வீரர் என்று ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் படம் போட்டுப் புத்தகமே எழுதினார்கள். எலும்பின் நீளத்துக்கும் மனத்துக்கும் தொடர்பில்லை. வகுப்பில் இந்தப் பாடத்தைச் செய்யும்போது ஒரு பிள்ளையின் முகத்தை விலங்கோடு ஒப்பிட விடவே வேண்டாம். “குரங்கு மூஞ்சி” என்று ஒருநாள் விழுந்த பெயர் பாடசாலை முடியும்வரை கூட வரும். எப்போதும் ஆசிரியரின் படத்தை அல்லது வாங்கிய மாதிரிப் படத்தைப் பயன்படுத்துங்கள்.

அசைகிற முகத்தை வாசித்தல்

பாலூட்டிகளின் முகத்தோலை இழுக்கும் தசைகள் எல்லாவற்றுக்கும் ஒரே நரம்புதான், ஏழாவது மண்டை நரம்பு. உங்கள் காதைச் சுற்றியும் அதே சிறு தசைகள் உண்டு, பெரும்பாலானோருக்கு அசையாது. மாட்டுக்கு அவை முழு வேலை செய்யும். நாய் உட்புருவத்தைத் தூக்கிக் கெஞ்சுவதுபோல் பார்ப்பதற்கு ஒரு தசை இருக்கிறது. ஓநாயில் அது அனேகமாக இல்லை என்று 2019இல் கண்டார்கள்.

ஆனால் தசை ஒன்றானாலும் அர்த்தம் ஒன்றல்ல. செம்முகக் குரங்கு பல்லைக் காட்டினால் அது சிரிப்பல்ல, பயம் அல்லது பணிவு. வாயைத் திறந்து கண்ணை நேரே நோக்கினால் பாயப் போகிறது. கண்ணைப் பார்க்காமல், திரும்பி ஓடாமல், பக்கவாட்டில் மெதுவாக விலகுங்கள். கையில் சாப்பாடு இருந்தால் உறையை மூடுங்கள்.

மாட்டின் நோவை முகத்தில் வாசிப்பதுதான் இதில் வீட்டுக்கு மிகப் பெரிய பயன். மாடு, ஆடு, குதிரை எல்லாவற்றிலும் நோவு முகம் ஒரே மாதிரி வருவதைக் கால்நடை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள், நம் நோவு முகத்தோடும் அது பொருந்தும். கண்ணுக்கு மேலே தோல் இறுகி மடிப்பு விழும். காது பின்னுக்கோ பக்கத்துக்குத் தொங்கியோ நிற்கும். மூக்குத் துவாரம் விரிந்து அதன் மேல் வரிகள் தோன்றும். சொண்டும் கன்னமும் கெட்டியாகும். கண் எதையும் பின்தொடராது.

பார்க்கும் முறை இது. இரண்டு மீற்றர் தள்ளி, மாடு உங்களைப் பொருட்படுத்தாத வரை சில நிமிடம் சும்மா நில்லுங்கள். மனிதரைக் கண்ட உடனே பல மாடுகள் நோவை மறைக்கும். பிறகு காது, கண்ணின் மேல், மூக்கு, சொண்டு என்ற நான்கையும் தனித்தனியே பார்த்து, இல்லை என்றால் 0, கொஞ்சம் என்றால் 1, தெளிவாக என்றால் 2 என்று எழுதுங்கள். கால் மணித்தியாலம் கழித்து மறுபடி. ஒருமுறை காது பின்னால் போவது இலையான் கடித்தும் இருக்கலாம், அசைபோடும்போது கன்னம் இறுகுவதும் நோவல்ல. இரண்டு முறையும் இரண்டு இடத்துக்கு மேல் 2 விழுந்து, அசைபோடுவதும் நின்றிருந்தால், வயிறு ஊதியிருக்கிறதா, மடி சூடா, குளம்பில் முள்ளா என்று பார்த்து, அன்றைக்கே கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள். ஒப்பிடுவதற்கு அந்த மாட்டின் சுகமான நாள் படம் வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் நேர்முகம் ஒன்று, பக்கமுகம் ஒன்று, பால் கறந்து முடிந்து அமைதியாக நிற்கும் நேரத்தில் எடுத்து, காதட்டை எண்ணோடு போனில் வைத்திருங்கள். கன்று வளர வளர மூஞ்சி நீளும், ஆகவே கன்றுக்கு மூன்று மாதத்துக்கொருமுறை புதிதாக எடுக்க வேண்டும்.